நாலு விரற்கடை

ஏற்காட்டில் நாகலூர் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. தார் ரோடு முடிந்ததும் ஒரு கிலோமீட்டர் செம்மண் பாதை. அப்பா காலத்து ஜீப் போன வருடம் எடைக்குப் போய்விட்டதால் ஒரு ஃபோர் வீல் டிரைவ் தேடிக்கொண்டிருந்தேன்.

"வாங்குனா பெருசா வாங்குங்க மாப்ள" என்றார் மச்சான். அவரிடம் இருப்பது இரண்டு டன்னைத் தாண்டும் ஏழு சீட் டீசல். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் அது மூச்சு வாங்காமல் ஏறும். நண்பனிடம் இருக்கும் மாருதியின் சின்ன ஃபோர் வீல் டிரைவ் ஜிம்னியோ 1.5 லிட்டர் பெட்ரோல். ஏசி போட்டு நாலு பேர் உட்கார்ந்தால் வளைவுக்கு வளைவு இரண்டாம் கியர் கேட்கும்.

சரி, தோட்டத்திலேயே பார்த்துவிடலாம் என்று நவம்பரில், இரண்டு நாள் மழை விட்ட மறுநாள், இரண்டையும் ஓட்டிப்போனோம்.

பாதையில் ஒரு இடத்தில் இந்தப் பக்கம் கல்கட்டு, அந்தப் பக்கம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக். டேப் வைத்து அளந்தேன்: 193 செ.மீ. மச்சான் வண்டியின் அகலம் 185.5. கண்ணாடிகளை மடக்கிவிட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து மிச்சம் நாலு விரற்கடை. மேஸ்திரி முன்னால் நின்று கை காட்ட, மிளகுக்கொடி கதவை உரச, ஒருவழியாக நுழைந்தது. 164.5 அகலமுள்ள ஜிம்னிக்கு ஒரு சாணுக்கு மேல் மிச்சம்.

அப்புறம் களத்துக்கு இறங்கும் திருப்பம். பெரிய வண்டி ஃபோர் லோவில்தான் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவிசையோடு சுற்றும் கியர்) இறங்கியது, ஆனாலும் டிராக்டர் தடத்துக்குள் வழுக்கி விழுந்து அச்சு வரை புதைந்தது. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டது. மேஸ்திரி ஒரு வார்த்தை பேசாமல் டிராக்டருக்கு போன் போட்டார்.

ஜிம்னி மட்டும் சிக்கவில்லையா? சிக்கியது, அதே தடத்தில். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்ற, அதை மட்டும் பிரேக் பிடித்து எதிர்ச் சக்கரத்துக்கு விசையைத் தள்ளும் வித்தை அதில் உண்டு. அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது, வண்டி நகரவில்லை. டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு இறக்கிவிட்டு மூன்று பேர் தள்ளினோம். வெளியே வந்துவிட்டது. 1,200 கிலோவை ஆள் தள்ளலாம். இரண்டு டன்னுக்கு டிராக்டர்காரர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஜிம்னிக்கு முன்பணம் கட்டிவிட்டேன். காபி மூட்டைகளை இரண்டு நடையாக இறக்க வேண்டிவரும், பரவாயில்லை. "பின்சீட்டை மடக்கி மூட்டை ஏத்திட்டா அத்தை எங்க உக்காருவாங்க?" என்று மட்டும் என் மனைவி கேட்டாள். அறுப்பு நாட்களில் அம்மாவை மலைக்கு அழைத்துவர மச்சான் வண்டியைத்தான் கேட்க வேண்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.