செவ்வாய்க்கிழமை விடுமுறை

கீழடிக்கு வண்டி பிடிக்கிறவர்கள் முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எனக்கு இது தெரிந்தபோது, மூடிய கேட்டுக்கு முன்னால் 14 பிள்ளைகளோடும் இரண்டு தூக்குவாளி புளிச்சோற்றோடும் நின்றுகொண்டிருந்தேன்.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் சாவடியில் ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம். காசு வாங்குவதில்லை. போன மே மாதம் கீழடிக்குக் கூட்டிப்போகலாம் என்று வேன்கார அண்ணனிடம் கேட்டேன். "சனி, ஞாயிறு பூரா முகூர்த்தம்மா. செவ்வாய்னா 1,800 ரூபாய்க்கு வர்றேன்" என்றார். செவ்வாயில் யாரும் விசேஷம் வைக்க மாட்டார்கள், வண்டி சும்மா நிற்கிறது, நமக்கு லாபம். என் மண்டையில் அது மட்டும்தான் ஏறியது. உத்தங்குடியில் ரிங் ரோட்டைப் பிடித்து, விரகனூர், சிலைமான் தாண்டிப் போய், "இன்னைக்கு லீவும்மா" என்று காவலாளி சொன்னதும் திரும்பினோம். பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று மூன்று நாளாக ஆசை காட்டி வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மரத்தடியில் புளிச்சோற்றைக் காலி செய்துவிட்டு, வேனில் பாட்டுப் போடச் சொன்னார்கள். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

இனி ஒரு வருடத்துக்கு வண்டியும் வேண்டாம் வாடகையும் வேண்டாம், இணையத்தில் இருக்கிற அருங்காட்சியகங்களே போதும் என்று அன்று ராத்திரி முடிவெடுத்தேன். செலவில்லாத வழி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு போனை 14 பேர் சுற்றி நின்று பார்த்தால், அதில் பாடம் நடக்காது, சண்டைதான் நடக்கும். சந்திரனுக்குப் போய்வந்த அப்போலோ 11-இன் கொலம்பியா கலத்தை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் முப்பரிமாணத்தில் போட்டிருக்கிறது, உள்ளே புகுந்து சுற்றிப் பார்க்கலாம். முன்வரிசையில் இருந்த மூன்று பேர் பார்த்தார்கள். அதற்குள் போன் தோசைக்கல்லாகி நின்றுவிட்டது. பின்வரிசை என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

சரி, டிவியில் போடலாம். எதிர்வீட்டுச் சித்தியிடம் 32 இன்ச் டிவி இருக்கிறது. ஆறரைக்கு அவர்கள் சீரியல், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மதுரைக்குப் போய் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் டைப்-சி முனையிலிருந்து ஹெச்டிஎம்ஐக்குப் போகிற கேபிள் வாங்கினேன், 650 ரூபாய். மாட்டினால் டிவியில் 'சிக்னல் இல்லை' என்றே வருகிறது. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் திரும்பக் கடைக்குப் போனால், அந்தத் தம்பி தன் போனில் மாட்டிக் காட்டினான், பளிச்சென்று படம் வந்தது. "கேபிள்ல ஒண்ணும் குறை இல்லக்கா. உங்க போன்ல வீடியோ வெளிய வராது. எல்லாப் போனுக்கும் வராதுன்னு கேபிள் அட்டையிலயே போட்டிருக்கே." போட்டுத்தான் இருந்தது, எறும்பு சைஸ் எழுத்தில். டைப்-சி ஓட்டை இருந்தாலே படம் வெளியே வரும் என்றில்லை; விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது சார்ஜுக்கும் கோப்பு மாற்றவும் மட்டும்தான். விற்கும்போதே என்ன போன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

கடைசியில் கைகொடுத்தது 300 ரூபாய் பென் டிரைவ். படங்களை முதல்நாள் ராத்திரியே இறக்கி, அதில் போட்டு, டிவியின் பின்னால் செருகிவிட்டால் போதும், நெட்டே வேண்டாம். இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டது. அனுமதி கேட்க வேண்டாம், அச்செடுக்கலாம். ஆனால் இறக்குகிற இடத்தில் டிஃப், ஜேபெக் என்று இரண்டு வகைக் கோப்பு காட்டும். பெரிய கோப்புதானே தெளிவாக இருக்கும் என்று டிஃப்பை அழுத்தினேன். ஒவ்வொன்றும் 100 எம்பிக்கு மேல். ஆறேழு படத்திலேயே அன்றைய ஒன்றரை ஜிபியில் பாதிக்கு மேல் போய்விட்டது, டிவியோ அதில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. ஜேபெக்கை எடுங்கள். தேடலில் வருகிற குட்டிப் படத்தை அழுத்திச் சேமிக்காதீர்கள். உள்ளே போய் இறக்கும் பொத்தானைத் தேடுங்கள். குட்டிப் படத்தை பிரௌசிங் சென்டரில் கலர் பிரிண்ட் போட்டு, கட்டம் கட்டமாக வந்த நாலு தாளுக்கு 80 ரூபாய் கொடுத்தவள் சொல்கிறேன்.

அதன் பிறகு நடந்த வகுப்புகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. படத்துக்குக் கீழே இருக்கிற அளவு வரிதான் பெரிய விருந்து. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொங்குகிற நீலத் திமிங்கல எலும்புக்கூட்டின் நீளம் 25.2 மீட்டர். கொத்தனார் டேப்பை வாங்கி, கிணற்றுக் கயிற்றை அளந்து போட்டோம். பிள்ளையார் கோயில் படியில் ஆரம்பித்தது டீக்கடை பெஞ்சில் போய் முடிந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் வாலுக்கு இடம்விட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய உடம்பு என்ன தின்னும் என்று கேட்டார்கள். கிரில் என்று, நம் சந்தையில் சென்னாக்கூனி விற்கிறதே, அந்த மாதிரிப் பொடி உயிர் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் ரொசெட்டா கல்லை 112 சென்டிமீட்டர் உயரம், 76 அகலத்தில் அட்டையில் வெட்டினோம். ஒரே ஆணையை மூன்று எழுத்தில் வெட்டியிருந்ததால்தான் எகிப்தின் பட எழுத்தைப் படிக்க வழி பிறந்தது. 1799-இல் கிடைத்த கல், 1822-இல்தான் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போல்லியோன் அதைப் படிக்கிற பிடியைக் கண்டுபிடித்தார்.

அளவு வரியை இவ்வளவு கொண்டாடியவள், ஊர் வரியைப் படிக்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துப் பதிவுகளில் நம் ஊர் 'மதுரா' என்றுதான் இருக்கும். மதுரை என்று ஆங்கிலத்தில் தேடினால் ஒரு கூட்டம் படம், மதுரா என்று தேடினால் வேறு கூட்டம். தஞ்சாவூருக்கு டேஞ்சூர், திருநெல்வேலிக்கு டின்னவெல்லி. இது நானே கண்டுபிடித்த சூட்சுமம், அதனால் கொஞ்சம் தலைக்கனம். அப்படித் தேடியதில் அருமையான ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் சிக்கியது: ஜோடி மாடு பாய்கிறது, பின்னால் ஒரு ஆள். 'அந்தக் கால மதுரை மாட்டுவண்டிப் பந்தயம்' என்று தலைப்பு எழுதி டிவியில் போட்டேன்.

ஏழாவது படிக்கிற ஒரு பையன். அவன் அப்பா பூஞ்சிட்டு என்கிற மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு மாடு பூட்டுகிறவர். டிவிக்குப் பக்கத்தில் போய் மூக்கு உரச நின்றான்.

"அக்கா, இதுல சக்கரம் எங்கக்கா?"

இல்லை. மாடுகளுக்கு நடுவே ஒரு மரச்சட்டம் தரையில் இழுபடுகிறது, அதன்மேல் காலை ஊன்றி ஆள் நிற்கிறான். வேகத்தில் தூசி மறைத்திருக்கும் என்று சமாளித்துப் பார்த்தேன். "வண்டியே இல்லக்கா இது. பரம்புப் பலகை மாதிரி இருக்கு." உழுத வயலைச் சமப்படுத்த மாடு பூட்டி இழுக்கிற பலகை அது. சித்தி வேறு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆமாத்தா, வண்டி இல்ல" என்றார்கள்.

வகுப்பு முடிந்து பதிவைத் திறந்து கீழே வரை படித்தால், அது இந்தோனேசியா. ஜாவாவுக்குப் பக்கத்தில் மதுரா என்று ஒரு தீவு. அங்கே கராப்பான் சாப்பி என்று மாட்டுப் பந்தயம், சக்கரமில்லாத சட்டத்தில்தான் ஓட்டுகிறார்கள். உழவிலிருந்து வந்த விளையாட்டு என்கிறார்கள். பையன் பரம்பு என்றது அப்படி ஒன்றும் தப்பில்லை.

மறுநாள் அவன் முகத்தைப் பார்த்தே, "நான் சொன்னது தப்புடா" என்று ஆரம்பித்தேன். அவன் விடவில்லை. சக்கரம் இருந்தால் சுளுவாக ஓடுமே, ஏன் வைக்கவில்லை? அப்புறம் ஒரு வாரம் அதுதான் அறிவியல் பாடம். ஐந்து ரப்பர் பேண்டைக் கோத்துச் செங்கல்லில் கட்டி, சிமெண்ட் தரையில் இழுத்து, எவ்வளவு நீளுகிறது என்று ஸ்கேலில் அளந்தோம். கீழே பேனாக்களை உருளையாக அடுக்கி இழுத்தால் நீட்சி பாதிகூட இல்லை. அடுத்து குழாயடிச் சேற்றில் பொம்மை வண்டியும் பலகையும். வண்டிச் சக்கரம் புதைந்து நின்றது, பலகை வழுக்கிக்கொண்டு போனது. உராய்வு என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதியதே அதற்குப் பிறகுதான். அந்த ஒரு வாரமும் சித்தியின் பாவாடை வரை சேறு, சீரியலும் இரண்டு நாள் போனது.

இப்போது எந்தப் படம் போட்டாலும் "எந்த ஊருக்கா? கீழ வரைக்கும் படிச்சீங்களா?" என்று அவன் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறான்.

கீழடிக்கு ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய்வந்தோம், நன்றாக இருந்தது. கேபிள் பீரோவில் அப்படியே கிடக்கிறது. வீடியோ வெளியே வருகிற போன் வைத்திருக்கிறவர்கள் யாராவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன். போன் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.