அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு நீர் முற்றம்

சென்னையில் வீடு வைத்துக்கொண்டு சென்னையிலேயே நட்சத்திர ஹோட்டலில் அறை எடுத்துத் தங்குவதை வீண் ஆடம்பரம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதே தொகையைக் கொடைக்கானலிலோ குமரகத்திலோ செலவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை. நீண்ட பயணத்தைத் தாங்க முடியாத முதியவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அம்மாவால் மலைப்பாதையில் மணிக்கணக்காகக் காரில் உட்கார்ந்து வர முடியாது; ரயிலில் ஏறி இறங்குவதும் அவருக்குச் சிரமம். மரநிழல், தண்ணீர், காற்று, யாரும் அவசரப்படுத்தாத ஒரு காலைப்பொழுது ஆகியவை அவருக்கும் கிடைக்க வேண்டுமானால், அவை வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும். அதனால்தான் பின்னி சாலையில் உள்ள தாஜ் கன்னிமாரா ஹோட்டலில் ஒரு வார இறுதியைக் கழித்தோம்.

ஊருக்குள்ளேயே ரிசார்ட் போன்ற இடம் வேண்டும் என்று தேடினால் வேறு சில பெயர்களும் கிடைக்கும். 2013-இல் எம்.ஆர்.சி. நகரில் திறக்கப்பட்ட லீலா பேலஸ், அடையாறு கடலில் கலக்கும் இடத்தருகே, செட்டிநாட்டு வீடுகளின் சாயலோடு நிற்கிறது. கிண்டியில் 2012-இல் திறக்கப்பட்ட ஐ.டி.சி. கிராண்ட் சோழா 600 அறைகளைக் கொண்டது. அதன் கல்வேலைப்பாடுகளைப் பார்த்துக்கொண்டே ஒரு பொழுதைப் போக்கலாம். இவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் உயரமான கட்டடங்களில் பசுமையும் கடலும் பெரும்பாலும் கண்ணாடிக்கு அப்பால்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கலாம், அவற்றினுள் நடக்க முடியாது. அறைக் கதவைத் திறந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நாலடி நடந்தால் மரத்தடிக்கு வந்துவிட வேண்டும் என்பதே ரிசார்ட்டுக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை. லிஃப்டுக்குக் காத்திருந்து, பளிங்குக் கூடத்தைக் கடந்து போனால்தான் நிழல் கிடைக்கும் என்றால், முழங்கால் வலியோடு இருப்பவர் அறையை விட்டு வெளியே வரவே மாட்டார்.

கன்னிமாரா இந்த நிபந்தனையை நிறைவேற்றுவதற்கு அதன் கட்டட வரலாறே காரணம். 1854-இல் இம்பீரியல் ஹோட்டல் என்ற பெயரில் தொடங்கி, பிறகு ஆல்பனி ஆகி, சென்னை ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரை 1890-ஐ ஒட்டி ஏற்றுக்கொண்டது இந்த ஹோட்டல். எழும்பூரில் நாம் படித்து வளர்ந்த நூலகமும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1930-களில், அன்று புதுமையாக இருந்த, நேர்கோடுகளும் வடிவியல் அலங்காரங்களும் கொண்ட ஆர்ட் டெகோ பாணியில் புது முகப்பு வந்தது. ஆனால் இன்று அங்கே தங்குகிறவர்கள் உண்மையில் அனுபவிப்பது 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா செய்த மாற்றங்களைத்தான். நீச்சல் குளத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி அறைகளை அமைத்தவர் அவர். அதற்குச் சற்று முன்புதான் இலங்கையின் பெந்தோட்டையில் கடலோர ஹோட்டல் ஒன்றை நீர் முற்றத்தைச் சுற்றிக் கட்டி முடித்திருந்தார். வெப்ப நாட்டுக் கட்டடம் வெயிலோடும் மழையோடும் மரத்தோடும் இணங்கி வாழ வேண்டும் என்பது அவருடைய வேலை முழுவதிலும் தெரிகிறது. ஆசியக் கடற்கரைகளில் இன்று ரிசார்ட் என்று நாம் அறியும் வடிவத்துக்கு அவர் பெரிதும் வழிகாட்டினார். அந்த மனிதரின் கைவண்ணம் ஸ்பென்சர் பிளாசாவுக்குப் பின்னாலேயே இருக்கிறது என்பதைச் சென்னைக்காரர்களில் பலர் அறியாதிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அறையை முன்பதிவு செய்யும்போதே குளத்தைப் பார்த்த தரைத்தள அறை வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். வாசலில் இருந்த தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அம்மா உட்கார்ந்துவிட்டார். மாயவரத்துப் பக்கம் முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர் அவர். திருமணமான பிறகு அடுக்குமாடிக் குடியிருப்புகளிலேயே வாழ்க்கை கழிந்துவிட்டது. உச்சி வெயில் நேரத்தில்கூடச் சுற்றுச்சுவர்களின் நிழலும் மரங்களின் நிழலும் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. பிற்பகலில் கடற்காற்று கிளம்பியதும் முற்றம் முழுவதும் இதமாகிவிட்டது. அண்ணா சாலையின் பேருந்து இரைச்சல் மிகவும் அடங்கி ஒலித்தது. கிளிகளின் சத்தமே மிஞ்சி நின்றது. “இங்கேயே காபி வாங்கித் தரச் சொல்லுடா, நான் உள்ளே வரலை” என்றார் அம்மா. காபி கொண்டுவந்த இளைஞர், “அம்மா, தரை ஈரமா இருக்கு, நடக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க, நான் கையைப் பிடிச்சுக்கிறேன்” என்று சொல்லி, நாற்காலியைச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். இத்தகைய கவனிப்பை நான் கட்டடத்துக்கு அடுத்தபடியாக வைத்து மதிக்கிறேன்.

நீச்சல் குளத்தைப் பற்றி ஒரு தகவல்: நைலான், லைக்ரா போன்ற துணியாலான நீச்சல் உடைதான் பொதுவாக நட்சத்திர ஹோட்டல்களில் அனுமதிக்கப்படுகிறது, பருத்தி டி-ஷர்ட்டோடு இறங்க விடமாட்டார்கள். குழந்தைகளை அழைத்துச் செல்கிறவர்கள் வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, திறந்தவெளியில் மரத்தடியில் இயங்கும் ரெயின்ட்ரீயைத் தவறவிடக் கூடாது என்பேன். செட்டிநாட்டுச் சமையலை நட்சத்திர ஹோட்டலின் மேசைக்குக் கொண்டுவந்து பெயர் பெற்ற உணவகம் அது. கோழி மிளகு வறுவலில் மிளகின் காரம் தெளிவாக நின்றது. மிளகாய்ப் பொடியைக் கொட்டிச் சமாளிக்கும் வேலை அங்கே நடக்கவில்லை. காலைச் சிற்றுண்டியில் இருந்த மேலைநாட்டுப் பண்டங்களை விட்டுவிட்டு வெண்பொங்கலையும் கொத்சுவையும் தேர்ந்தெடுத்ததில் எங்கள் மூவருக்கும் நிறைவு. லாபியில் உள்ள பழைய மரச்சிற்பங்களை நின்று பார்க்க நேரம் ஒதுக்குங்கள். என் மனைவி அவற்றின் முன்னாலேயே ஒரு மாலையைச் செலவிட்டாள்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, இணையத்தில் முதலில் தெரியும் தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. தங்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். நட்சத்திர ஹோட்டல்களில் பல திருமண மண்டபங்களாகவும் செயல்படுபவை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் நாதஸ்வரமும் விருந்தினர் கூட்டமும் காலை நான்கு மணிக்கே தொடங்கிவிடும். வேறொரு ஹோட்டலில் அப்படி ஒரு முகூர்த்த நாளில் சிக்கி, வரவேற்பு மேசையில் எவ்வளவு கேட்டும் வேறு அறை கிடைக்காமல், உறக்கமின்றித் திரும்பியிருக்கிறோம். ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். மார்கழியில் திருமணங்கள் இல்லை, வெயிலும் தணிந்திருக்கும்; ஆனால் இசை விழாவுக்காக வெளிநாடுகளிலிருந்து வருகிறவர்களால் வாடகை கூடுகிறது. கச்சேரிகள் ஓய்ந்து பொங்கலுக்கு முன்பாக வரும் சில வார நாட்கள்தான் என் கணிப்பில் எல்லா வகையிலும் ஏற்றவை. கார் இல்லாதவர்கள் எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவுக்குச் சிறு தொகையே ஆகும். வரும் ஜனவரிக்கு அதே தரைத்தள வரிசையில் எங்களுக்கு ஓர் அறை சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை அம்மாவின் தங்கையும் மாயவரத்திலிருந்து வருகிறார்.