வீட்டில் ஹெச்டி புரொஜெக்டர்: கறுப்பைத் தேடிய அனுபவம்

புரொஜெக்டர் வேலை ஒருவழியாக உட்கார்ந்து படம் பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டது. சில்லறை வேலைகள் இன்னும் பாக்கி. ஆனாலும் இதுவரை அளந்து, நகர்த்தி, மறுபடி நகர்த்திப் பார்த்ததை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் நன்றாக வந்ததற்குப் புரொஜெக்டர் பெட்டி பாதிகூடக் காரணமில்லை, அறைதான் காரணம்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்த கதை சின்னது. 1080பி என்றால் 1920 × 1080 புள்ளிகள் கொண்ட படம். '1080பி சப்போர்ட்' என்று போட்டிருந்தால் அது 1080பி புரொஜெக்டர் என்று நினைத்துவிடக் கூடாது. 1080பி வீடியோவை அது வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே படத்தை உருவாக்குகிற பேனல் 1280 × 720 ஆக இருக்கலாம், 800 × 480 ஆகக்கூட இருக்கலாம். 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ற வரியைத் தேடிப்பிடித்து, அங்கே 1920 × 1080 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிச்சத்திலும் இதே விளையாட்டு நடக்கிறது. வெறும் 'லுமென்ஸ்' என்று போட்டுப் பக்கத்தில் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும். தரப்படுத்திய முறையில் அளந்த எண்ணை, அதாவது ஆன்சி லுமென்ஸோ ஐஎஸ்ஓ 21118 முறையில் அளந்த எண்ணோ, தராத பெட்டிகளை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

அடுத்து, புரொஜெக்டர் படத்தை உருவாக்கும் முறை டிஎல்பியா 3எல்சிடியா என்ற கேள்வி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லுதான் டிஎல்பிக்கு அடிப்படை. வீட்டு ரகங்களில் பெரும்பாலும் ஒரே சில்லு என்பதால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சுவருக்கு வரும். கண்ணைச் சட்டென்று திருப்பினால் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் தெறிப்பதைச் சிலரால் பார்க்க முடியும். எனக்குத் தெரியவில்லை. தங்கைக்கு உடனே தெரிந்துவிட்டது, கண் வலிக்கிறது என்றாள். அதனால் மூன்று நிறத்தையும் ஒரே நேரத்தில் காட்டும் 3எல்சிடிக்குப் போனோம். யார் யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்களோ அவர்களை எல்லாம் ஒரு தடவை டிஎல்பி முன்னால் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

பெட்டி வந்ததும் ஆணி அடிக்கத் தோன்றும். அடிக்கவில்லை. முதலில் சுவரில் காகித டேப்பால் ஒரு செவ்வகம் ஒட்டினேன். 16:9 விகிதத்தில் 100 அங்குலம் என்றால் அகலம் 221 செ.மீ., உயரம் 124.5 செ.மீ. சோபா சுவரிலிருந்து 3.2 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து படம் சுமார் 38 டிகிரி விரியும். 30 டிகிரியாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்சம், 40ஐ நெருங்கினால் தியேட்டர் உணர்வு வரும். அந்த வகையில் சரி. ஆனால் இந்த அளவில் ஒரு பிக்சல் 1.15 மி.மீ. இருக்கும். சுமார் 4 மீட்டருக்கும் கிட்டே வந்தால் கூர்மையான கண் பிக்சலைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடும். ஓடுகிற படத்தில் எனக்கு உறுத்தவில்லை, நிறுத்திவைத்த வெள்ளை எழுத்தின் சாய்வான கோடுகளில் மட்டும் படிக்கட்டு தெரிகிறது. 120 அங்குலமும் ஒட்டிப் பார்த்தேன். பரப்பு 44 சதவீதம் கூடுகிறது, அதே வெளிச்சம் அவ்வளவு இடத்துக்கும் பரவ வேண்டும். கழுத்தும் திரும்ப வேண்டியிருந்தது. 100இலேயே நின்றுவிட்டேன்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதற்குத் 'த்ரோ ரேஷியோ' என்ற எண் போதும். தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தால் வருவது அது. 1.4 முதல் 2.2 வரை என்று போட்டிருந்தால், 221 செ.மீ. அகலத்துக்கு சுமார் 3.1 மீட்டரிலிருந்து 4.9 மீட்டருக்குள் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். சோபாவுக்குப் பின்னால், தலைக்கு மேலே ஒரு பலகை அடித்து வைத்தேன்.

இங்கே கீஸ்டோன் என்ற பட வடிவத் திருத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டி சாய்ந்திருந்தால் படம் ஒரு பக்கம் அகன்று விழும். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் நேராகிவிடும், பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது என்னவென்றால், பேனலின் ஓரப் பிக்சல்களைச் சும்மா விட்டுவிட்டு, மிச்சத்துக்குள் படத்தைச் சுருக்கி வரைகிறது. ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறிமாறி வரும் சோதனைப் படத்தைப் போட்டேன். கீஸ்டோன் இல்லாதபோது தூரத்திலிருந்து ஒரே சீரான சாம்பல் நிறம், கிட்டே போனால் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் தெரிந்தது. கீஸ்டோனை இரண்டே புள்ளி கூட்டினேன். சுவர் முழுக்க அலை அலையாகப் பட்டைகள் எழுந்தன, கட்டங்கள் சில இடத்தில் ஒன்றோடொன்று குழைந்துபோயின. காசு கொடுத்து வாங்கிய 1080பி அந்த இரண்டு புள்ளியிலேயே கரைந்துவிடுகிறது. அதனால் கீஸ்டோன் பூஜ்யம். லென்ஸ் ஷிப்ட் என்று திருகு இருக்கிற பெட்டியானால் அதைத் திருகிப் படத்தை மேலே கீழே நகர்த்தலாம், லென்ஸே நகர்வதால் பிக்சலுக்கு ஒன்றும் ஆகாது. மீதி வேலைக்கு ஒரு ரசமட்டமும் பலகைக்கு அடியில் செருகிய அட்டைத் துண்டுகளும் போதுமாக இருந்தன.

ஃபோகஸைப் போட்டவுடனே பிடிக்க வேண்டாம். லென்ஸ் சூடாகும்போது ஃபோகஸ் கொஞ்சம் நகரும். அரைமணி நேரம் ஓடவிட்டு, ஒருவர் சுவரருகே நின்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் திருக வேண்டும்.

இனி அறை. புரொஜெக்டரால் கறுப்பைக் காட்டவே முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் படத்தில் கறுப்பு. விளக்கை எல்லாம் போட்ட அறையில் வெள்ளைச் சுவர் எப்படித் தெரிகிறதோ, அதைவிடக் கறுப்பான கறுப்பு அந்த அறையில் கிடைக்காது. எல்சிடி பேனல் மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஒளி கசியும் என்பது வேறு.

கணக்கு போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. டிஜிட்டல் சினிமா அரங்குகளில் வெள்ளையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்பது தரம். சாதாரண மேட் வெள்ளைப் பரப்பில் 100 அங்குலத்துக்கு அந்த அளவு வர, சுமார் 415 லுமென்ஸ் போதும். அதாவது திரையில் 150 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லுமென்ஸ்தான் லக்ஸ்). ஆக, வெளிச்சம் நமக்குப் பிரச்சினையே இல்லை. அறை விளக்கிலிருந்து திரைமேல் 50 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை 200, கறுப்பு 50. கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம், 4:1! பெட்டியின் அட்டையில் லட்சத்துக்கு ஒன்று என்று போட்டிருந்தாலும் சுவரில் கிடைப்பது இவ்வளவுதான். விளக்கைக் குறைத்து 5 லக்ஸுக்குக் கொண்டுவந்தால் 31:1. போனில் லக்ஸ் அளக்கும் செயலி துல்லியமாக இருக்காது, ஆனால் ஜன்னல் இடுக்கு எது எவ்வளவு கெடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவியது. கதவுக்கு அடியில் வந்த வெளிச்சத்துக்கு ஒரு துணிச்சுருள் போதுமாயிற்று. ரூட்டரின் பச்சை விளக்குக்குக் கறுப்பு டேப்.

எல்லாவற்றையும் அடைத்தபிறகும் ஒரு குறை இருந்தது. இரவுக் காட்சிகள் பிரமாதம். பனிமலைக் காட்சி வந்தால் மட்டும், அதில் நிற்கிறவரின் கறுப்புக் கோட்டு சாம்பலாக வெளுத்துவிடும். படத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்தது. வெள்ளைக் கூரை விளக்கு போட்டதுபோல் ஒளிர்ந்தது. திரையிலிருந்து கிளம்பும் ஒளி கூரையில் பட்டு, திரும்பத் திரையின் மேலேயே விழுகிறது. ஸ்டூலில் ஏறி, திரைக்கு மேலே கூரையோடு சேர்த்து ஒரு கறுப்புப் போர்வையைப் பிடித்துக்கொண்டு, தங்கையைப் பார்க்கச் சொன்னேன். 'கோட்டில் பட்டன் தெரியுது' என்றாள். போர்வையை எடுத்தேன், பட்டன் போயிற்று. மறுபடி பிடித்தேன், வந்துவிட்டது.

பெட்டியின் மெனுவில் நான் மாற்றிய எதுவும் அந்தப் பட்டனைக் கொண்டுவரவில்லை.

அப்புறம் துணி வேட்டை. கறுப்பாக இருந்தால் போதாது, மினுமினுப்பு இருக்கக் கூடாது. சாதாரணக் கறுப்புப் பருத்தித் துணி படத்தின் வெளிச்சத்தில் சாம்பலாகத் தெரிந்தது. வெல்வெட்டின் நூல் நுனிகள் ஒளியை உள்ளே வாங்கிக்கொள்கின்றன, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பருத்தி வெளுத்ததுபோல் இருக்கிறது. திரையை ஒட்டியுள்ள முதல் ஒன்றரை மீட்டர் கூரையை வெல்வெட்டால் மூடினேன். தூரம் போகப்போகத் திரும்பி வரும் ஒளி குறைந்துவிடுவதால் முழுக் கூரையும் தேவைப்படவில்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, இது சினிமா அறையா பேய் வீடா என்று கேட்டார். இரண்டும் பொருந்தும் என்றேன்.

திரையாக இப்போதைக்குச் சுவர்தான், மேட் வெள்ளைப் பெயின்ட். அடிப்பதற்கு முன்னால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பார்த்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். அவற்றைப் பட்டி போட்டுத் தேய்த்தபிறகுதான் பெயின்ட். சுற்றிலும் எட்டு செ.மீ. அகலத்துக்கு வெல்வெட் பட்டை. ஓரத்தில் வழியும் ஒளியை அது விழுங்கிவிடும், பக்கத்தில் உண்மையான கறுப்பு இருப்பதால் படமும் பளிச்சென்று தெரியும்.

அதே தந்திரத்தை அகலப் படங்களுக்கும் செய்தேன். 2.39:1 விகிதப் படம் 221 செ.மீ. அகலத்தில் 92.5 செ.மீ. உயரம்தான் வரும். மேலேயும் கீழேயும் தலா 16 செ.மீ. சாம்பல் பட்டை மிஞ்சும். இருட்டில் அந்தச் சாம்பல்தான் கண்ணில் முதலில் படும். 16 செ.மீ. அகலத்தில் தெர்மாகோல் பலகை இரண்டு வெட்டி, வெல்வெட் சுற்றி, மேலே ஒன்றைக் கொக்கியில் மாட்டிக் கீழே ஒன்றைச் சின்னத் தாங்கியில் நிறுத்துகிறேன். படத்துக்குப் படம் எழுந்துபோய் மாட்ட வேண்டும், அலுப்புதான். ஆனால் மாட்டிய பிறகு மாட்டாமல் பார்க்க மனம் வருவதில்லை.

பட அமைப்புகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. 'டைனமிக்' என்கிற மோடில் வெளிச்சம் அள்ளும், முகங்களில் பச்சை ஏறும். 'சினிமா' மோட், 6500 கெல்வினை ஒட்டிய நிற வெப்பநிலை, இருட்டறைக்கு காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்களின் வெளிச்சத்தை நிர்ணயிப்பது) 2.4. ஷார்ப்னெஸைக் குறைத்தேன், எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு மறையும்வரை. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. திரைப்படம் நொடிக்கு 24 பிரேம், பிளேயர் 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால் 60, 24ஆல் சரியாக வகுபடாது. ஒரு பிரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று காட்டிச் சமாளிக்கும். கேமரா மெதுவாக ஒரு கட்டடத்தைக் கடக்கும்போது ஜன்னல்கள் விட்டுவிட்டு நகர்வது அதனால்தான். பிளேயரில் பிரேம் ரேட்டை மூலத்தோடு பொருத்தும் வசதியை இயக்கியதும் அது போய்விட்டது. டிவியில் கவனிக்காத இந்தத் திக்கல் 221 செ.மீ. அகலத்தில் நன்றாகவே தெரியும்.

ஒலியைப் பற்றி ஒன்றே ஒன்று. பெட்டியின் ஸ்பீக்கர் தலைக்குப் பின்னால் இருக்கிறது. திரையில் பேசுகிறவர் குரல் பின்மண்டையிலிருந்து வந்தால் எந்தப் படமும் ஒட்டாது. திரைக்குக் கீழே ஒரு ஜோடி ஸ்பீக்கர், பிளேயரிலிருந்து கம்பி வழியாக. புளூடூத்தில் உதடு முன்னே போய் குரல் பின்னே வந்தது, அதைக் கைவிட்டாயிற்று. ஹெச்டிஎம்ஐ கேபிள் பத்து மீட்டர், 1080பிக்குப் பிரச்சினை தரவில்லை. நாளைக்கு 4கே என்று போனால் இந்த நீளத்துக்கு ஆப்டிகல் ரகம் வேண்டியிருக்கும். அதற்கு பிளேயர் முனை, புரொஜெக்டர் முனை என்று திசை உண்டு, சுவருக்குள் இழுப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈக்கோ மோடில்தான் ஓட்டுகிறேன். 415 லுமென்ஸ் போதும் என்று தெரிந்தபிறகு முழு வெளிச்சத்துக்கு அவசியமில்லை, மின்விசிறிச் சத்தமும் அடங்குகிறது, விளக்கும் நீடிக்கும். காற்று வடிகட்டியில் தூசி ஏறினால் மறுபடி இரைச்சல் கூடும், அதை அவ்வப்போது கழற்றித் தட்டிவிடுகிறேன். பகல் செய்திக்கும் விளையாட்டுக்கும் பழைய டிவியே போதும், அதை எடுக்கும் உத்தேசம் இல்லை.

இனி மிச்சம் இருப்பது பக்கச் சுவர்கள். வலது சுவர் திரைக்கு ரொம்பப் பக்கம், பனிக்காட்சியில் கோட்டின் வலது தோள் இன்னும் லேசாக வெளுக்கிறது. அங்கே தண்டவாளம் போட்டு, படம் பார்க்கும்போது மட்டும் இழுத்துவிடுகிற மாதிரி ஒரு வெல்வெட் திரைச்சீலை. துணி வாங்கியாயிற்று, தண்டவாளம்தான் வர வேண்டும்.