வளவுக் கட்டில்

ஜூலை 3
கானாடுகாத்தான் வந்து சேர மணி ஐந்து. வளவில், உள்முற்றத்தை ஒட்டி, கட்டிலை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். இடுப்பு எலும்பு உடைந்து தையல் போட்ட அப்பத்தா தூங்குகிறாள். வாக்கர் தூணில் சாய்ந்து நிற்கிறது, விருந்தாளி மாதிரி.

ஜூலை 4
தூக்கம் இல்லை.

ஜூலை 6
மாத்திரை எடுக்கப் பர்மா அரக்கு டப்பாவைத் திறந்தேன். காலை, ராத்திரி என்று ஸ்கெட்ச்சில் எழுதி ஒட்டியது என் கையெழுத்து. 2019 தீபாவளிக்கு வந்தபோது ஒட்டினேன். சர்க்கரை மாத்திரை அட்டையில் பொடி எழுத்தில் மூன்று பெயர். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. மூன்றாவது பயோகிளிட்டசோன்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆய்வகத்தில் செல்களைக் கொழுப்பாக்க வாரா வாரம் தட்டில் நான் ஊற்றுவது ரோசிகிளிட்டசோன். இது அதன் உடன்பிறப்பு. இரண்டும் போய்த் தட்டுவது ஒரே கதவை: செல்லைக் கொழுப்பு வழிக்குத் திருப்பும் பிபிஏஆர் காமா என்ற புரதம். அது விழித்தால் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் தாய்ச்செல் எலும்பாகப் போக வேண்டிய வழியை விட்டு எண்ணெய்ச் சொட்டு சேர்க்க ஆரம்பித்துவிடும். இதைச் சொல்லித்தான் கருத்தரங்கில் கைதட்டு வாங்கினேன். அட்டையைத் திருப்பிப் படிக்கத் தோன்றவில்லை.

ஜூலை 8
சோதனையின் ஏழாம் நாள். ஆய்வகத்து ஜூனியர் படம் அனுப்பினாள். கொழுப்புத் தட்டில் செல்லுக்குள் சின்னச் சின்ன மணிகள், ஜவ்வரிசி வெந்த மாதிரி. எலும்புத் தட்டில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எலும்புக்கு எப்போதும் அவசரம் இல்லை. எலும்பு வழிக்குத் திருப்பும் ரன்எக்ஸ்2 புரதம் எழுந்து, செல்லுக்கு வரும் விண்ட் சமிக்ஞை கைகொடுத்து, கொலாஜன் பாய் விரித்து, அதன் மேல்தான் சுண்ணாம்பு உட்காரும். இருபத்தொரு நாள் ஆகும்.

வேடிக்கை, இரண்டு தட்டுக்கும் ஊற்றும் கலவையிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உண்டு. அளவும் கூட்டாளிகளும்தான் வேறு. ஒரே மருந்து, யாரோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து.

ஜூலை 9
உளுந்தங்களி. சமையல்கார அக்கா நல்லெண்ணெயைக் குளமாக ஊற்றிவிட்டார். "இடுப்புக்குப் பலம், பேசாமச் சாப்பிடுங்க ஆச்சி." அப்பத்தா என்னைப் பார்த்தாள், படித்தவள் என்ன சொல்கிறாள் என்று. நானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன்.

ஜூலை 11
2006 டிசம்பரில் வந்த பெரிய ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். ரோசிகிளிட்டசோன் சாப்பிட்ட பெண்களில் 9.3 சதவீதம் பேருக்கு எலும்பு முறிவு, மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் 5.1. பயோகிளிட்டசோனுக்கும் 2007-ல் எச்சரிக்கை வந்தது. நம் நாட்டில் 2013-ல் ஒரு மாதத்துக்கு மேல் தடை போட்டு எடுத்தார்களே, அது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பயத்தால். எலும்பைப் பற்றி அன்றைக்கு யாரும் சத்தம் போட்ட ஞாபகம் இல்லை. நானும் போடவில்லை.

கூடுதல் முறிவுகள் பெரும்பாலும் மேல்கையில், கையில், பாதத்தில். அப்பத்தாவுக்கு உடைந்தது இடுப்பில், தொடை எலும்பின் கழுத்து.

ஜூலை 12
இடுப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

ஜூலை 13
அந்தப் பெண்களுக்கு எண்பத்து மூன்று வயது இல்லை.

ஜூலை 15
தையல் பார்க்க வந்த டாக்டரிடம் மாத்திரை பற்றிக் கேட்டேன். "வயசானா ஒடையத்தாம்மா செய்யும்." பொய் இல்லை. வயது ஏற ஏற மஜ்ஜையில் கொழுப்பு ஏறத்தான் செய்கிறது, மாத்திரை இல்லாமலே. மாற்றி எழுதிக் கொடுத்தார். அட்டையைக் குப்பையில் போட மனசில்லாமல் என் பையில் வைத்திருக்கிறேன்.

அப்பச்சி போனில் ஃபிசியோகாரருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று மட்டும் கேட்டார்கள்.

ஜூலை 18
ஆடிக்காற்று. முகப்புக் கதவு ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. அப்பத்தா முழித்திருந்தாள். கேட்டுவிட்டேன்.

"அந்த மாத்திரையா? அதைத்தான் நிறுத்திட்டேனே ஆத்தா. காலு ரெண்டும் வீங்கிப் போச்சு."

கால் வீக்கம் அந்த மருந்து செய்வதுதான். எனக்குத் தெரியும்.

"எப்ப நிறுத்துனீங்க?"

"ஒனக்குத் தேவகோட்டைலருந்து கேட்டு வந்தாகள்ல, அப்ப."

"அதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"அதை யாரு கண்டா? நீதான் வேண்டாமுன்னுட்ட."

அது 2021. அப்படியானால் இரண்டு வருஷம் சாப்பிட்டிருக்கிறாள். அல்லது அதற்கும் முன்பிருந்தே. பழைய சீட்டு ஒன்றுகூட இல்லை. இரண்டு வருஷம் போதுமா?

ஜூலை 19
அட்டையில் நான்கு மாத்திரை குறைகிறது. நிறுத்தியவள் வீட்டில் புது அட்டை எப்படி?

ஜூலை 21
நாளை அலிசாரின் சாயம். சுண்ணாம்பு சேர்ந்த இடமெல்லாம் சிவக்கும். நம் சாயவேரிலும் இருப்பது அந்தச் சிவப்புத்தான். அப்பத்தாவிடம் சொன்னேன். "அப்ப என் எலும்பையும் முக்கிப் பாரேன்" என்றாள். சிரித்ததில் இடுப்பு வலித்துவிட்டது அவளுக்கு.

ஜூலை 22
வாக்கரைப் பிடித்து மூன்றாம் தூண் வரை போனாள். ஆத்தங்குடிக் கல் வழுக்கும் என்று தரையெல்லாம் சாக்கு விரித்திருக்கிறேன். நாலாவதுக்குப் போகலாமா என்கிறாள். ஜூனியரிடமிருந்து படம் இன்னும்