போன் அடிக்கும்போது நெட்டை நம்பாதீர்கள்: ஏற்காட்டு காட்டேஜுக்கு ஒரு அழைப்பு ஆப்

மே மாதக் கோடை விழா நெருங்கினால் ஏற்காட்டில் காட்டேஜ் நடத்துபவர்களுக்குப் போன் ஓயாது. கூப்பிடுவது முன்பணம் கட்டியவரா, போன வருடம் தங்கிப் போனவரா, புது ஆளா என்று எடுப்பதற்கு முன்பே திரையில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இப்படி ஓர் ஆப்பை எழுத உட்காருபவர்கள் முதலில் போடும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: அழைப்பு வந்ததும் எண்ணை சர்வருக்கு அனுப்பு, பெயரை வாங்கு, காட்டு.

மலையில் அது ஓடாது. சிக்னல் குறைவு என்பது மட்டும் காரணமில்லை. வோல்ட்இ (4ஜியிலேயே பேசும் வசதி) இல்லாத இணைப்பில் அழைப்பு வந்தால் போன் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். 2ஜியில் பேச்சு ஓடும்போது பொதுவாக டேட்டா நின்றுவிடும். இரண்டு சிம் போட்ட போனில், டேட்டா ஒரு சிம்மிலும் அழைப்பு மற்றதிலும் இருந்தால், பல மாடல்களில் அழைப்பு முடியும்வரை டேட்டா கிடைக்காது. வீட்டுக்கு ஒரு எண், காட்டேஜுக்கு ஒரு எண் என்று வைத்திருப்பவர்கள் நிறைய. ஆக, பெயர் தேவைப்படும் அந்த நொடியில்தான் நெட் இருக்காது. முன்பதிவுப் பட்டியல் முழுவதும் போனுக்குள்ளேயே, ரூம் டேட்டாபேஸில் (ஆண்ட்ராய்டின் உள்சேமிப்பு நூலகம்), எண் பத்திக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போட்டு இருக்கட்டும். வைஃபை கிடைக்கும் நேரத்தில் வொர்க்மேனேஜர் (பின்னணி வேலைகளை ஓட்டும் ஆண்ட்ராய்டு நூலகம்) புதுப்பித்துக்கொள்ளும்.

எண்ணைப் பிடிக்க ஆண்ட்ராய்டில் பழைய வழி, போன் ஸ்டேட் பிராட்காஸ்ட்: அழைப்பு நிலை மாறும்போது சிஸ்டம் ஆப்களுக்கு அனுப்பும் அறிவிப்பு. புதிய ஆப்புக்கு அதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஆண்ட்ராய்டு 9 முதல் அதில் எண் தெரிய ரீட் கால் லாக் (அழைப்புப் பதிவைப் படிக்கும்) அனுமதியும் வேண்டும்; அந்த அனுமதிக்கு பிளே ஸ்டோரில் தனியாக விளக்கம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும், எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரே அழைப்புக்கு பிராட்காஸ்ட் இரண்டு முறை வரும். ஒன்றில் எண் இருக்கும், மற்றதில் இருக்காது, எது முந்தும் என்று சொல்ல முடியாது.

மணி அடிக்கும் முன்பே அழைப்பை ஆப்பிடம் காட்டும் கால் ஸ்கிரீனிங் சர்வீஸ்தான் உருப்படியான வழி. ஆண்ட்ராய்டு 10 முதல், போனின் முதன்மை டயலராக மாறாமலேயே, ரோல் மேனேஜர் (ஆப்களுக்குப் பொறுப்பு ஒதுக்கும் ஆண்ட்ராய்டு பகுதி) மூலம் ஸ்கிரீனிங் பொறுப்பைப் பயனரிடம் கேட்டு வாங்கலாம். அழைப்பு வரும்போது சிஸ்டமே சர்வீஸை எழுப்பும் என்பதால் நாள் முழுக்க ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (அறிவிப்பு காட்டியபடி தொடர்ந்து இயங்கும் சர்வீஸ்) ஓட்டி பேட்டரியைத் தின்ன வேண்டியதில்லை. வெளியே போகும் அழைப்புகளும் இதே ஃபங்ஷனுக்கு வரும். முதல் வரியிலேயே திசையைப் பாருங்கள். எண்ணை மறைத்துக் கூப்பிட்டால் ஹேண்டில் (எண் வரும் இடம்) காலியாக, அதாவது null ஆக, வரலாம், அதற்கும் ஒரு சோதனை வேண்டும். அழைப்பை விடலாமா, தடுக்கலாமா என்று சிஸ்டத்துக்குப் பதில் சொல்ல 5 நொடிதான் அவகாசம். பெயர் காட்டுவது மட்டுமே வேலை என்றால் எதையும் தடுக்காத வெற்றுப் பதிலை உடனே கொடுத்துவிட்டுப் பிறகு தேடுங்கள்; இல்லாவிட்டால் மணி அடிப்பதே தாமதமாகும்.

இங்கே இரண்டு பொறிகள். தொடர்புகள் அனுமதி இல்லாவிட்டால், தொடர்புகளில் சேமித்த எண்கள் சர்வீஸுக்கு வரவே வராது. காட்டேஜ்காரர்கள் வழக்கமான விருந்தினரைத்தான் "சென்னை பார்ட்டி" என்று சேமித்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கே ஆப் பேசாமல் இருக்கும், "வேலை செய்யலீங்க" என்று புகார் வரும். அடுத்தது, எந்த சிம்முக்கு அழைப்பு வந்தது என்ற விவரம் இந்த சர்வீஸுக்குத் தரப்படுவதில்லை. அதை நம்பித் திரையை வடிவமைக்காதீர்கள்.

தொந்தரவு அழைப்புகளை என்ன செய்வது? 140 எனத் தொடங்கும் விளம்பர எண்களைத் துண்டிக்கலாம். மற்றபடி சந்தேகம் இருந்தால் மணியை மட்டும் அடக்குங்கள், துண்டிக்காதீர்கள். தவறாகத் துண்டிக்கப்பட்ட விருந்தினர் அடுத்த காட்டேஜுக்குக் கூப்பிட்டுவிடுவார். துண்டித்த அழைப்பைப் பதிவிலிருந்தும் மறைக்க ஒரு செட்டிங் உண்டு. ஆனாலும் அது தடுக்கப்பட்டவை என்ற வகையில் பதிவாகிவிடும்.

எண்களைச் சீராக்குவதில் கவனம் தேவை. நெட்வொர்க் +91 சேர்த்துக் கொடுக்கும், ரிஜிஸ்டரில் 0 போட்டு எழுதியிருப்பார்கள், சிலர் இடைவெளி விட்டிருப்பார்கள். லேண்ட்லைன் இன்னும் மோசம்: சேலத்துக்காரர் 7 இலக்கம் மட்டும் எழுதுவார், ஏற்காட்டுக்காரர் 6 இலக்கம். சேலம் என்றால் முன்னால் 427, ஏற்காடு என்றால் 4281 சேர்த்தால் இரண்டும் 10 இலக்கமாகிவிடும், மொபைலைப் போலவே. இந்திய எண்கள் எல்லாவற்றையும் +91 வடிவத்தில் சேமியுங்கள். கடைசி 10 இலக்கத்தை மட்டும் ஒப்பிட்டால் வெளிநாட்டு எண்கள் குழம்பும். போன் எண்களை அலசும் லிப்போன்நம்பர் (libphonenumber) நூலகம் அதைச் சரியாகப் பிரிக்கும்.

பெயரைக் காட்ட, மற்ற ஆப்களின் மேல் தோன்றும் அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டு 10 கோ எடிஷன் (குறைந்த நினைவகப் போன்களுக்கான பதிப்பு) உள்ள விலை குறைந்த போன்களில் அந்த அனுமதியே கிடையாது, அங்கே நோட்டிஃபிகேஷன்தான். அழைப்பை எடுக்கும் பட்டன் போன் பயன்பாட்டில் இருக்கும்போது பெரும்பாலும் மேலேயும், பூட்டியிருக்கும்போது கீழேயும் வரும். பெயர் காட்டும் பெட்டியை நடுவில் வையுங்கள். அழைப்பு முடிந்ததும் அதை நீக்க, எண் இல்லாமல் நிலை மட்டும் தரும் ரீட் போன் ஸ்டேட் அனுமதி போதும்.

ஐபோனில் அழைப்பு வரும் நேரத்தில் நம் ஆப்பின் நிரல் ஓடாது. கால் டைரக்டரி எக்ஸ்டென்ஷன் (ஆப்போடு சேர்ந்து வரும் துணைப் பகுதி) மூலம் எண்ணையும் ஒரு வரிப் பெயரையும் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். எண்கள் 91 சேர்ந்து, கூட்டல் குறி இல்லாமல், ஏறுவரிசையில் இருக்க வேண்டும். வரிசை தவறினால் பட்டியல் ஏற்றப்படாது. பயனர் செட்டிங்ஸில் அதை ஆன் செய்தும் வைக்க வேண்டும்.

எமுலேட்டரின் (கணினியில் ஓடும் மாதிரிப் போன்) போன் பகுதியில் பொய் அழைப்பு விட்டு லாஜிக்கைச் சோதிக்கலாம். பிறகு உண்மையான போனில், மொபைல் டேட்டாவை அணைத்து, ஆப்பை ரீசன்ட்ஸிலிருந்து தள்ளிவிட்டு, திரையைப் பூட்டி, சேமித்த எண், சேமிக்காத எண், லேண்ட்லைன், மறைத்த எண் என்று நான்கு வகையிலும் கூப்பிட்டுப் பாருங்கள். ஆட்டோஸ்டார்ட் கட்டுப்பாடு (ஆப் தானாக எழுவதைத் தடுக்கும் அமைப்பு) உள்ள போன் என்றால், ஆட்டோஸ்டார்ட் அனுமதியை ஆன் செய்யும் இடத்தை உரிமையாளருக்கு ஆப்பின் முதல் திரையிலேயே படத்தோடு காட்டிவிடுங்கள்.