ஒரே மழையில் பிறப்பவை

ராஜஸ்தானில் பணியாற்றிய ஆண்டுகளில், ஜோத்பூருக்கு மேற்கேயுள்ள சிற்றூர்களில் மழைநீர் தேங்கும் குளத்தை மக்கள் ‘நாடி’ என்று சொல்லக் கேட்டுப் பழகினேன். ஆண்டின் பெரும்பகுதி வெடித்த களிமண்ணாகக் கிடக்கும் அந்தக் குளம் நிரம்பிய சில நாள்களிலேயே, காய்ந்த மண்ணுக்குள் முட்டையாகக் காத்திருந்த ஓடற்ற சிற்றிறால்கள் பொரித்து, மல்லாந்தபடி நீந்தத் தொடங்கும். தலைப்பிரட்டைகளும் நீர்ப்பூச்சிகளும் பின்னாலேயே வந்துவிடும். நீர் வற்றுவதற்குள் வளர்ந்து முட்டையிட்டு முடிக்க அந்த இறால்களுக்குக் கிடைப்பவை சில வாரங்களே.

பாலைவன வெட்டுக்கிளிக்கும் அதே மழைதான் வேண்டும். ஈரமணலில் அது இடும் முட்டைகள் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பொரிக்க, சிறகு முளைக்குமுன் குஞ்சுகளை அழிக்கப் பூச்சிமருந்து வண்டிகள் கிளம்புகின்றன. குளம் மிகச் செழித்திருக்கும் நாள்களும் மருந்தடிக்கும் நாள்களும் ஒன்றாகிவிடுவதே என்னை வருத்துகிறது.

வெட்டுக்கிளி இறங்கிய வயலின் உழவரிடம் மருந்தே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தெளிக்கும் முறையை நாம் அறிந்திருக்க வேண்டும். 96 சதவீத மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி, நீர் கலக்காமல், ஹெக்டேருக்குச் சுமார் ஒரு லிட்டர் என்ற அளவில் நுண்துளிகளாகச் சிதறடிக்கப்படுகிறது. அந்தத் துளிகளைப் பரப்புவதே காற்றின் வேலை என்பதால், மருந்து காற்றோடு போவது இங்கே தற்செயலன்று, முறையின் அடிப்படையே அதுதான். நண்பகலில் சூடான தரையிலிருந்து எழும் காற்று துளிகளை மேலே தூக்கி எங்கோ கொண்டுபோகும். ஆகவே காலையும் மாலையுமே ஏற்றவை. குளம் காற்று வரும் திசையில் இருந்தால் அச்சம் குறைவு. காற்று போகும் திசையில் இருந்தால் இடையே அகலமான நிலத்தைத் தெளிக்காமல் விட வேண்டும்.

வெட்டுக்கிளி மருந்துகள் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கின்றன என்று அறிய, செனகலில் 1989இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு தொடங்கிய லோகஸ்டாக்ஸ் திட்டம் இத்தகைய தற்காலிகக் குளங்களையும் ஆராய்ந்தது. மருந்துக்கு மருந்து பலியாகும் உயிர் மாறுகிறது. டெல்டாமெத்ரின் பறவைகளுக்கு அவ்வளவு தீங்கில்லை, மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கடும் நஞ்சு. பூச்சியின் மேல்தோல் உருவாவதைத் தடுக்கும் டைஃப்ளுபென்சுரான், தோலுரித்து வளரும் சிற்றிறாலையும் விடாது. குளக்கரைக்கு நான் பரிந்துரைப்பது, வெட்டுக்கிளி இனங்களையே தாக்குவதும், 2020இல் சோமாலியா பெருமளவில் பயன்படுத்தியதுமான மெட்டாரைசியம் பூஞ்சையை. அது கொல்ல ஓரிரு வாரங்கள் பிடிக்கும் என்றாலும், குஞ்சுகள் பறக்கத் தொடங்காத நிலையில் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வெட்டுக்கிளிக் கூட்டம் இரவில் மரங்களில் தங்குவதால், விடியலில் தெளிப்பதற்கான திட்டம் முந்தைய மாலையே முடிவாகிவிடுகிறது. போன வாரம் நிரம்பிய குளம் எந்த வரைபடத்திலும் இருக்காது; ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். அந்த மாலையிலேயே அவரிடம் கேட்டு, குளம் இருக்கும் திசையைக் குறித்துக்கொண்டு, விடிந்ததும் காற்றைப் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.