பத்து வாரத்தில் பழசு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மகளை நீச்சல் வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன். கார் ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது. வேலையிடத்தில் கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போன பாட்டு. "ஆ, இந்தப் புதுப்பாட்டு நல்லாயிருக்கு" என்று சத்தத்தைக் கூட்டினேன். பின்சீட்டில் இருந்தவள் ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு, "அப்பா, இது பழைய பாட்டு" என்றாள்.

பாட்டு வெளிவந்து மூன்று மாதம்தான் இருக்கும்.

பழைய பாட்டு என்றால் திருகோணமலையில் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு இலக்கணம் இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து, கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து, அப்பா சாய்மனைக் கதிரையில் சரிந்து, ரேடியோவின் சத்தம் பாதியாகக் குறைந்த பிறகு வருவதுதான் பழைய பாட்டு. பாடியவருக்கு நரை விழுந்திருக்க வேண்டும். படத்தில் வாயசைத்தவர் ஒரு கட்சியாவது தொடங்கியிருக்க வேண்டும். மூன்று மாதப் பாட்டை அப்பாவிடம் பழசு என்று சொல்லியிருந்தால், "அதென்ன கத்தரிக்காயோடா?" என்று கேட்டிருப்பார்.

நான் ஒன்றும் பேசாமல் ஓட்டினேன். ஆனாலும் சுருக்கென்றது. இந்த நாட்டில் காலூன்றிவிட்டேன் என்பதற்கு என்னிடம் சில அத்தாட்சிகள் உண்டு. எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத்தொட்டியை வெளியே வைப்பது என்று தெரியும். பக்கத்து வீட்டுக் கிழவரோடு மழையைப் பற்றி மட்டுமே ஐந்து நிமிடம் பேசத் தெரியும். இந்தக் கிழமை சார்ட்டில், அதாவது அதிகம் விற்ற பாட்டுகளின் பட்டியலில், முதலாம் இடம் எது என்று கேட்டால் சொல்வேன். மற்ற இரண்டையும் விட இதில்தான் எனக்குப் பெருமை. அதிலேயே கை வைத்துவிட்டாள்.

2008-இல் வந்து இறங்கியபோது லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டின் மேலறையில் நாலு பேர் இருந்தோம். குசினியில் ஒரு ரேடியோ. அதன் திருகு உடைந்து, பிபிசி ரேடியோ 1-இலேயே நின்றுவிட்டது. ஞாயிறு பின்னேரம் சார்ட் நிகழ்ச்சி போகும். நாற்பதாம் இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி ஏழு மணிக்கு முதலாம் இடத்துக்கு வருவார்கள். ஞாயிறு என் சமையல் முறை. பருப்பை அடுப்பில் ஏற்றும்போது முப்பத்தைந்து, கறி இறக்கும்போது பத்துக்குள். அறிவிப்பாளரின் வேகத்துக்கு ஆங்கிலம் பிடிபட்டுவிட்டால் கடை வேலை கிடைத்துவிடும் என்று ஒரு கணக்கு. ஆனால் உண்மையில் அந்த நிகழ்ச்சி எனக்கு அந்நியமாகவே படவில்லை. இலங்கை வானொலியின் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த காது. அங்கே பாட்டுக்கு முன்னால் மூதூர், கிண்ணியா, உப்புவெளி என்று ஊரும் பேரும் வரும், இங்கே இலக்கம் வந்தது. அவ்வளவுதான்.

அந்த வருடந்தான் எம்.ஐ.ஏ.யின் பாட்டு ஒன்று இங்கே 19-ஆம் இடம் வரை வந்தது. அமெரிக்காவில் நாலாம் இடம். பாடினது மாயா அருள்பிரகாசம், எங்கட பிள்ளை என்று அறையில் ஒருவன் சொல்ல, நான் உடனே போன் கார்ட்டைச் சுரண்டி அப்பாவுக்கு எடுத்தேன்.

"எந்த ஊர்?" என்றார்.

"பிறந்தது லண்டன். சின்னனில யாழ்ப்பாணத்தில வளர்ந்தவ."

"ஓ." கொஞ்ச நேரம் யோசித்தார். "முறையாச் சங்கீதம் படிச்சவவோ?"

பாட்டில் துவக்குச் சத்தம் வருகிறது என்பதை நான் சொல்லவில்லை. கார்ட்டில் காசும் முடிந்துவிட்டது.

அந்த டிசம்பரில் நத்தாருக்கு முந்திய ஞாயிறு இன்னொரு கூத்து. 36-ஆம் இடத்துக்கு லெனார்ட் கோஹன் என்று ஒரு பெயர், பாட்டின் பெயர் அல்லேலூயா. நான் வெங்காயம் வெட்டி, பாத்திரம் கழுவி, எல்லாம் முடித்து வர, இரண்டாம் இடம் என்று வேறொருவர் பெயரைச் சொல்லி அதே அல்லேலூயா. சரி, தவறிப்போய்த் திரும்பப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். முதலாம் இடம் என்றார்கள். ஒரு பெண் குரல், அதே அல்லேலூயா! அறையில் ஒருவரும் என்னை நம்பவில்லை. ஒரே பாட்டு ஒரே கிழமையில் மூன்று பேர் குரலில் பட்டியலில் ஏறியிருந்தது. திருவெம்பாவைக் காலத்தில் ஊரில் மூன்று கோயில் லவுட்ஸ்பீக்கரும் ஒரே பதிகத்தை மூன்று குரலில் போட்டால் எப்படியோ, அப்படி. விடிய நாலரைக்கு அந்த மூன்று குரலுக்கும் நடுவே படுத்துக் கிடந்த நினைப்பில் அன்று பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

இப்போது வேலை ஒரு பெற்றோல் ஸ்டேஷனில். காசு வாங்குகிற ரில்லில் நிற்கிறேன். தலைக்கு மேலே ஸ்பீக்கர். நாளுக்கு பத்து மணி நேரம் சார்ட் என் தலையில் கொட்டுகிறது. ஆகவே புதுப்பாட்டுகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

2015 ஜூலையில் சார்ட்டை ஞாயிற்றிலிருந்து வெள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளி எங்கள் வீட்டில் மரக்கறி, வீடு கழுவல், விளக்கு. இப்போது அதோடு சார்ட்டும். மகள் புதிதாய்ப் பட்டியலில் நுழைந்த பாட்டுகளை ஒவ்வொன்றாய்ப் போட, நான் பத்துக்குப் புள்ளி போட வேண்டும். "இஞ்சருங்கோ, விளக்கு வைக்கிற நேரத்தில என்ன கூத்து?" என்று மனைவி சாமியறையிலிருந்து குரல் கொடுப்பாள். பிறகு அவளே வந்து, "இந்தப் பிள்ளைக்குத் தடிமனோ?" என்று கேட்டு நாலு புள்ளி போட்டுவிட்டுப் போவாள். அவள் சொல்வதில் தப்பில்லை. இப்போது பாதிப் பேர் பாடுவதில்லை, மூக்கடைத்தவர் காதுக்குள் ரகசியம் சொல்வதுபோல் சொல்கிறார்கள். இன்னும் சிலர் தொண்ணூறுகளில் வந்த பாட்டை எடுத்து வேகத்தைக் கூட்டிப் புதுசு என்கிறார்கள். பற்றரி இறங்கினால் கசெற் மெதுவாக இழுக்கும், அது தெரியும். இவர்களுக்கு எந்தப் பற்றரி ஏறியதோ!

ஆனால் என் பெரிய குறை அதுவல்ல. பாட்டு முடிகிற விதம்.

இரண்டு நிமிடமும் சொச்சமும் ஓடும், டக்கென்று நிற்கும். பல்லவி உண்டு, பிறகு பல்லவி, பிறகும் பல்லவி. சரணம் எங்கே? இடையிசை எங்கே? காரணம் கேட்டால் மகள் விளக்குவாள். இணையத்தில் கேட்பவன் முதல் 30 செக்கனுக்குள் தாண்டிப் போனால் அது கேட்டதாகவே கணக்கில் சேராதாம். ஆகவே வாசலிலேயே சோற்றைப் போட்டுவிடுகிறார்கள். 2018-இல் வகுத்த கணக்கின்படி, காசு கட்டிக் கேட்பவர்கள் 100 தடவை கேட்டால் ஒரு விற்பனை, இலவசமாகக் கேட்பவர்கள் 600 தடவை கேட்டால்தான் ஒரு விற்பனை. ஊரில் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் இருபது பேர் ஒரு பிளேன்ரீயோடு ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழும்புவார்கள். பஸ் வெளிக்கிட்டாலும் எழும்பாதவர்கள் உண்டு. அது எந்தக் கணக்கில் சேர்ந்தது?

முதல்முறை அப்படி ஒரு பாட்டு டக்கென்று நின்றபோது என் வாயில் தானாக வந்தது: "சைட் முடிஞ்சுதோ?" மகள் என்னைப் பார்த்தாள். சைட் என்றால் என்னவென்று விளக்க எனக்குக் கால்மணி நேரம் போனது.

மத்திய வீதிக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. வெற்றுக் கசெற்றையும், கொப்பித் தாளில் எழுதிய பாட்டு விபரத்தையும் கொடுத்தால் ஒரு கிழமையில் பதிந்து தருவார்கள். அங்கிருந்த அண்ணைதான் எங்கள் சார்ட். பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே பேனையை ஓட்டுவார். ஒரு பாட்டில் பேனை நிற்கும். "இதை விடு, இதுக்குப் பதிலா ஒண்டு போட்டுத் தாறன்" என்பார். அவர் போட்டுத் தந்தது ஒருநாளும் பிழைத்ததில்லை. அறுபது நிமிடக் கசெற், பக்கத்துக்கு முப்பது. ஆறு பாட்டு வடிவாக அடங்கும். ஏழாவதையும் அண்ணை விடமாட்டார், நாடா போகிற வரைக்கும் போகட்டும் என்று ஏற்றிவிடுவார். அது இரண்டாம் சரணத்தின் முதல் வரியில், பாடுகிறவர் மூச்செடுக்கிற இடத்தில் டக்கென்று அறும்.

அப்படி ஒரு பாட்டை ஐந்து வருடம் கேட்டிருக்கிறேன். அது அங்கேதான் முடிகிறது என்று நினைத்தேன். பிறகு பத்திரகாளி கோயில் பக்கம் ஒரு கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கரில் அதே பாட்டு. என் இடம் வந்தது, நான் டக்கைக் காத்திருந்தேன், பாட்டு நிற்கவில்லை. மேலே போனது. இன்னொரு முழுச் சரணம்! பந்தி வைத்துக்கொண்டிருந்த நான் சோற்று வாளியோடு அப்படியே நின்றேன். "தம்பி, இலையில போடு, நிலத்தில போடாதை" என்று யாரோ கத்தினார்கள். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குள்ளே ஒரு டக் கேட்கும்.

இதை மகளுக்குச் சொன்னேன். "அப்ப அது டெமோ வெர்ஷன்" என்றாள்.

சார்ட்காரர்கள் போடுகிற சட்டங்களும் எனக்குப் பிடிபடுவதில்லை. 2017 மார்ச்சில் எட் ஷீரன் ஒருவரின் பாட்டுகளே முதல் இருபதில் பதினாறு இடத்தைப் பிடித்தன. பெற்றோல் ஸ்டேஷனில் அந்தக் கிழமை முழுக்க ஒரே குரல். சில மாதத்துக்குள் கூடிப் பேசி, ஒருவருக்கு மூன்று பாட்டுக்கு மேல் இடமில்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இந்தச் சட்டம் எண்பதுகளில் எங்களுக்கு வந்திருந்தால்? இளையராஜாவுக்கு மூன்று என்று வைத்தால், திருகோணமலை–கொழும்பு பஸ் ஹபரணைக்கு முன்னமே பாட்டில்லாமல் போயிருக்கும்.

இன்னொரு சட்டத்தை அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் அறிந்தேன். ஒரு பாட்டு பத்து வாரம் பட்டியலில் இருந்து, பிறகு தொடர்ந்து மூன்று வாரம் இறங்கினால், அதன் கேட்புக் கணக்கைப் பாதியாக்கிவிடுவார்களாம். புதுசுகளுக்கு இடம் விட. மகள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, சட்டப்படிதான் சொல்லியிருக்கிறாள்.

சட்டத்தை ஒருமுறை விலக்கியும் வைத்தார்கள். 2022 ஜூனில் கேட் புஷ் 1985-இல் பாடிய பாட்டு, ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த புண்ணியத்தில், 37 வருடம் கழித்து முதலாம் இடத்துக்கு வந்தது. வெளிவந்த காலத்தில் மூன்றாம் இடத்தோடு நின்ற பாட்டு. பழசு என்று பாதிக் கணக்குப் பார்க்காமல் விட்டார்கள். எனக்கென்னவோ சொந்தக்காரர் சோதனையில் பாஸ் பண்ணியதுபோல் சந்தோசம். மணிக்கு ஒருதரம் அந்தப் பாட்டு என் தலைக்கு மேலே போகும்.

அதே ஜூனில் தம்பி ஊரில் பெற்றோல் வரிசையில் நின்றான். அவன் உப்புவெளியில் ஓட்டோ ஓடுகிறவன். இரண்டு நாள் ஓட்டோவுக்குள்ளேயே படுக்கை. அவன் மனைவி பார்சல் கட்டி அனுப்ப, வரிசையிலேயே சாப்பாடு. இத்தனைக்கும் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. "அண்ணை, நீ எங்க நிக்கிறாய்?" என்று கேட்பான். "பெற்றோல் ஸ்டேஷன்ல" என்று சொல்ல எனக்கு வாய் கூசும். பின்னால் அந்தப் பாட்டு போகும். "என்ன பாட்டு அது, ஒரே போகுது?" என்றான். பழைய பாட்டு, இப்பதான் முதலாம் இடம் என்றேன். "இனியாவது வந்துதே" என்றான். அவன் ஓட்டோவைப் பத்தடி தள்ளுகிற சத்தம் கேட்டது. வரிசை நகர்ந்திருந்தது.

நேற்று இரவு வேலை. மூன்று மணி இருக்கும், கடையில் ஒருவரும் இல்லை. அந்தச் சனிக்கிழமைப் பாட்டு வந்தது. இரண்டாம் அடியில் பாடுகிறவள் என்ன சொல்கிறாள் என்று அப்போதுதான் பிடிபட்டது. இத்தனை நாளும் நான் வேறேதோ பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மகள் நித்திரை. ஊரில் விடிந்திருக்கும், தம்பிக்கு எடுத்தேன். அவன் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

போனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்தேன். "இது தெரியுமோ?"

"தெரியாமலோ? பீச்சில ஹோட்டல்காரர் போன கிழமைதான் போடத் தொடங்கினவை" என்றான். "புத்தம் புதுப்பாட்டு அண்ணை. அங்கயும் வந்திட்டுதோ?"